ரப்பர் பூட்ஸும் பெருங்காயமும்

மிச்சிகனில் நவம்பர் 15 என்றால் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் முதல் நாள். ஆபீஸில் பாதி நாற்காலி காலி. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

தோல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றேன். என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். இதோடுதான் பெட்ரோல் போட இறங்கினாயா என்று கேட்டார். தோல் எல்லா வாடையையும் உறிஞ்சிக்கொண்டு, அடிக்கு அடி புல்லில் பூசிவிட்டுப் போகுமாம். அவருடையது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கிடக்கும். காட்டோரம் வண்டியை நிறுத்திய பிறகுதான் அதில் கால் நுழையும். ரப்பருக்குள் வேர்க்கும், வேர்த்தால் விறைக்கும். அதனால் உள்ளே கம்பளி சாக்ஸ்தான், பருத்தி கூடவே கூடாது.

குட்டி பாட்டிலில் இருந்து வெள்ளைத் தூளைப் பீய்ச்சி, அது மிதந்து போகும் திசையைப் பார்த்து உட்கார இடம் பிடித்தார். காற்று நம் முதுகிலிருந்து மான் பக்கம் அடித்தால் எந்த பூட்ஸும் உதவாது என்றார்.

எட்டு மணிக்கு ஒரு பெண்மான். திடீரென்று காற்று திரும்பியது. தலை நிமிர்ந்தது; முன்னங்காலைத் தரையில் 'தொப் தொப்' என்று தட்டியது. குளம்பிடுக்கில் ஒரு சுரப்பி இருக்கிறது, அந்தத் தட்டில் மற்ற மான்களுக்கும் எச்சரிக்கை எழுதிவிடும். ஒரு சீறல். வெள்ளை வால் தூக்கிய பாய்ச்சல்.

பெரியவர் திட்டவில்லை. வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிக் கிடந்து, இப்போது என் மேல் இருந்த ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "நேற்று ராத்திரி என்ன சமையல்?" என்றார்.