வீட்டைப் பூட்டிவிட்டு ஆடுகளோடு கிளம்பும் குடும்பங்கள்... குருவிகுளம் கரிசலின் 'கிடை' வாழ்க்கை!

போனைத் திறந்தால் அடிக்கடி கண்ணில்படும் வீடியோ அது. வெளிநாட்டில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். வீட்டை விற்றுவிட்டு ஒரு பாய்மரப் படகை வாங்குகிறார்கள். சமையல், தூக்கம், பிள்ளைகளின் பாடம் எல்லாமே படகில்தான். காற்று வீசும் பருவம் பார்த்துக் கிளம்புகிறார்கள். புயல் பருவம் வருவதற்குள் பாதுகாப்பான துறைமுகத்தில் ஒதுங்குகிறார்கள். பார்ப்பவர்கள் ஒரு லைக்கைப் போட்டு, ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

கடலே இல்லாத தென்காசி மாவட்டத்தின் குருவிகுளம் வட்டாரத்தில் இதே வாழ்க்கையைத் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. இவர்களிடம் படகு இல்லை. செம்மறி ஆட்டு மந்தை இருக்கிறது. காற்றுக்குப் பதில் மழையைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை வயதானவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனால், மாதக்கணக்கில் வானம்தான் கூரை.

இவர்களைக் கீதாரிகள் என்கிறார்கள். இவர்கள் ஆடுகளை இரவில் அடைத்து வைக்கும் இடத்துக்குப் பெயர் கிடை.

கறுப்பு மண்ணின் நடுவே ஓர் ஊர்

குருவிகுளம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை ஊர். சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த ஊராகவே பலரும் இதை அறிவார்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானபோது, இந்தப் பகுதியும் புது மாவட்டத்துக்கு வந்தது. கழுகுமலையும் திருவேங்கடமும் பக்கத்து ஊர்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும்.

சுற்றிலும் கரிசல் காடு. 'காடு' என்றதும் மரம் அடர்ந்த வனம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கம் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்பார்கள். உளுந்து, பாசி, சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் மழையை நம்பி விளைபவை. வரப்போரம் வேலிக்கருவை, ஊர் எல்லையில் பனைமரங்கள்.

எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அவர் எழுதிய 'கிடை' என்ற குறுநாவல் இந்த ஆட்டுக்காரர்களின் உலகத்தைப் பற்றியது. அதை வைத்து அம்ஷன் குமார் இயக்கிய படம்தான் 'ஒருத்தி'. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகளின் கதையைச் சொன்ன 'தொரட்டி' படம் 2019-ல் வெளிவந்தது. இந்த வாழ்க்கையைத் திரையில் பார்த்தவர்கள் உண்டு. ஆனால், சாலையில் ஆடுகள் குறுக்கே வந்தால், ஹாரன் அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஏன் கிளம்ப வேண்டும்?

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை பெய்தால் களியாகிக் காலைக் கவ்விக்கொள்ளும். ஆட்டின் குளம்பு இடுக்கில் சேறு ஏறினால் புண் வரும். ஈரத்தில் பெருகும் சிறு கொசுப்பூச்சிகள் கடித்து நீலநாக்கு நோய் பரவும். போதாக்குறைக்கு, புரட்டாசி, ஐப்பசியில் எல்லாக் காடுகளிலும் விதைப்பு நடந்திருக்கும். ஓர் ஆடு வரப்பு தாண்டினாலும் வம்புதான்.

அதனால் மழைக்காலத்தில் செம்மண் மேடுகளையும் தரிசு நிலங்களையும் தேடி மந்தை நகரும். தை, மாசியில் கரிசலில் அறுவடை முடிந்ததும் உளுந்து, பாசித் தாள்களை மேய ஊர்ப்பக்கம் வரலாம். அதன் பிறகு தாமிரபரணி, சிற்றாறு பாசன வயல்களில் பிசான நெல் அறுவடையாகும். அடுத்த கார் பருவ நடவுக்கு முன்னால் வயல்கள் சும்மா கிடக்கும். ஆட்டுக்குத் தீவனமும் வயலுக்கு எருவும் ஒரே நேரத்தில் கிடைக்கும் காலம் இது. கோடையில் தண்ணீர் வற்றிய குளங்களின் உட்புறம் மேய்ச்சல் இடமாகும். ஆனி, ஆடியில் மலையடிவாரத்தில் சாரல் விழுந்தால் அங்கே புல் துளிர்க்கும்.

எல்லா மந்தையும் ஒரே வழியில் போவதில்லை. எங்கே மழை, எங்கே அறுப்பு என்று கேட்டுக் கேட்டுத்தான் பாதை முடிவாகும். முன்பு ஓர் ஆள் முன்கூட்டியே நடந்துபோய் இடம் பார்த்துவிட்டு வருவார். இப்போது அந்த வேலையில் பாதியைச் செல்போன் செய்கிறது.

ஒரு குடும்பம், ஒரு மூட்டை

இவர்களோடு பயணம் போகும் சாமான்கள் ரொம்பக் குறைவு. சமையல் பாத்திரங்கள், அரிசி, தண்ணீர்க் குடங்கள், தார்ப்பாய், கம்பளி, டார்ச் லைட், கொப்பை வளைத்து இழுக்கும் தொரட்டி, ஆடுகளைச் சுற்றிக் கட்ட வலை. முன்பெல்லாம் முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைப்பார்கள். இப்போது நைலான் வலை வந்துவிட்டது. பிறந்து சில நாளே ஆன குட்டிகளால் நெடுந்தூரம் நடக்க முடியாது. அவற்றையும் சாமான்களையும் சின்ன லாரியில் ஏற்றி அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. தாய் ஆடுகள் மேயப்போகும் நேரத்தில் குட்டிகளைக் கவிழ்த்து மூடி வைக்கும் கூண்டைக் குடாப்பு என்பார்கள்.

ஒரே கிடையில் பல குடும்பங்களின் ஆடுகள் சேர்ந்திருக்கும். யாருடைய ஆடு எது என்பதற்குக் காதில் வெட்டிய குறி உண்டு. குறி பார்க்காமலேயே முகத்தை வைத்து அடையாளம் சொல்கிறவர்களும் உண்டு. இந்தப் பக்கத்து மந்தைகளில் சிவப்பு நிறச் செவ்வாடு, வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டு விழுந்த வேம்பூர் ஆடு போன்ற நாட்டு இனங்களைப் பார்க்கலாம். இவற்றைக் கம்பளி ரோமத்துக்காக வளர்ப்பதில்லை. கறிக்கும் எருவுக்கும்தான் வளர்க்கிறார்கள். கூடவே போகும் வெள்ளாடுகளில், கறுப்பு முகத்தில் வெள்ளைக் கோடு ஓடும் கன்னி ஆடு கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துச் சொத்து.

பெண்களின் நாள் விடியலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டி, மேய்ப்பவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்க வேண்டும். நொண்டும் ஆட்டையும் பால் குடிக்காத குட்டியையும் பார்க்க வேண்டும். குடிதண்ணீர் எடுக்க முன்பின் தெரியாத ஊரின் குழாயடியில் போய் நிற்க வேண்டும். குளிக்க, உடை மாற்ற மறைவான இடம் தேட வேண்டும். பாய்மரப் படகு வீடியோவில் இதெல்லாம் ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. இங்கே அந்தக் கதவும் கிடையாது.

எருவுக்கு ஓர் ஒப்பந்தம்

'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது சம்சாரிகளின் சொலவடை. ஆட்டுப் புழுக்கையின் சத்து உடனே பயிருக்குச் சேரும் என்பது இதன் பொருள். வேளாண்மைக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஆட்டெருவில் சுமார் 3 சதவிகிதம் தழைச்சத்து, 1 சதவிகிதம் மணிச்சத்து, 2 சதவிகிதம் சாம்பல் சத்து இருக்கிறது. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவிகிதம்தான்.

கிடை போடும்போது புழுக்கையோடு ஆட்டின் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குகிறது. எருவை அள்ள வேண்டாம், வண்டியில் ஏற்ற வேண்டாம், கூலி ஆள் வைத்துச் சிதற வேண்டாம். சாயங்காலம் வரும் மந்தை, விடிவதற்குள் வேலையை முடித்துவிடுகிறது. மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் கட்டுவார்கள். இப்படியே நகர்ந்து நகர்ந்து வயல் முழுக்க எரு சேர்ந்துவிடும். பிறகு மேலாக ஓர் உழவு போதும்.

நிலத்துக்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ கொடுப்பார். எத்தனை ஆடு, எத்தனை இரவு என்று பேசி முடிப்பதெல்லாம் வாய்ச்சொல்தான். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வருஷா வருஷம் அதே வயலில் கிடை போடும் குடும்பங்கள், அந்த ஊர்க் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வரும் அளவுக்கு உறவாகிவிடுவதும் உண்டு.

தூங்காத இரவுகள்

ஆடு அடைந்த பிறகும் ஆட்டுக்காரருக்கு ஓய்வு இல்லை. நரி வரும், திருடர்கள் வருவார்கள், பாம்பு வரும். நாய் குரைத்தால் டார்ச்சோடு எழுந்து ஒரு சுற்று வர வேண்டும். வேட்டைக்குப் பேர்போன சிப்பிப்பாறை நாய்க்குப் பெயர் தந்த ஊரும் இந்தக் கரிசல் வட்டாரம்தான்.

திறந்த வெளியில் இடி, மின்னல் பெரிய பயம். இரவில் சாலையைக் கடக்கும்போது லாரி ஏறிவிட்டால், ஒரே நிமிஷத்தில் பல மாத உழைப்பு போய்விடும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் முகாம் நடப்பது ஊரில், மந்தை இருப்பதோ வேறு எங்கோ. தேதி தவறிப்போக வாய்ப்பு அதிகம். கால்நடை அவசர உதவிக்குத் தமிழ்நாட்டில் 1962 என்ற எண் இருக்கிறது. எந்த ஊரில் நிற்கிறோம் என்று வழி சொல்லத் தெரிந்திருந்தால், நடுக்காட்டிலும் அது கைகொடுக்கும்.

பள்ளிக்கூடமா, கிடையா?

இந்தக் குடும்பங்களை வருஷா வருஷம் உலுக்கும் கேள்வி ஒன்றுதான். பிள்ளைகளை என்ன செய்வது?

படகில் போகும் குடும்பம் இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்திக்கொள்கிறது. கிடையில் அது நடக்காது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்று 2009-ல் சட்டம் வந்தது. ஆனால், இரண்டு வாரத்துக்கு ஓர் ஊர் மாறும் பிள்ளை எந்தப் பள்ளியில் உட்காரும்?

பலரும் கண்டுபிடித்திருக்கும் வழி, குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பது. பிள்ளைகள் தாத்தா, ஆச்சியோடு ஊரில். அப்பாவும் அம்மாவும் ஆட்டோடு. ராத்திரி போனில் வரும் குரல்தான் அந்த வீட்டின் அம்மா. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் அம்மா ஊரில் தங்க, அப்பா மட்டும் கிளம்புகிறார். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது. பெரும்பாலும் அது ஆடு மேய்க்கத் துணைக்கு வரக்கூடிய வயதை எட்டிய பிள்ளை.

படித்த பிள்ளைகள் கோவில்பட்டிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெற்றவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். மந்தையை அடுத்து யார் ஓட்டுவது என்ற கேள்விக்கு அந்த வீடுகளில் பதில் இல்லை.

சுருங்கும் மேய்ச்சல்

ஆள் இருந்தாலும் இடம் வேண்டுமே! ஊருக்கு ஊர் இருந்த மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் குறைந்துகொண்டே வருகின்றன. தரிசாகக் கிடந்த நிலங்களில் வேலி விழுகிறது. தேவர்குளம், கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகள் சுழல்கின்றன. பருத்தி, நெல் வயல்களில் அடிக்கும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இன்னொரு பயம். மருந்து அடித்த இடம் தெரியாமல் மேய்ந்தால் ஆடு தப்பாது.

மலைப்பக்கம் போகவும் இப்போது யோசிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமானது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுபக்கம், 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் மேய்ச்சல் சமூகங்களுக்கும் உரிமை உண்டு என்கிறது. காட்டைக் காப்பதும் முக்கியம், மந்தையைக் காப்பதும் முக்கியம். இரண்டுக்கும் நடுவில் ஆடு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

ஸ்பெயினில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மந்தைகள் காலங்காலமாக நடந்த பாதைகள் அங்கே சுமார் 1,25,000 கிலோமீட்டர். அவற்றைப் பொதுச்சொத்தாகக் காக்க 1995-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்த உரிமையை நினைவூட்ட, மாட்ரிட் நகரின் நடுத்தெருவில் ஆடுகளை ஓட்டிச் செல்லும் விழாவும் நடக்கிறது. பருவத்துக்கேற்ப மந்தையோடு இடம்பெயரும் வழக்கத்தை 2019-ல் யுனெஸ்கோ தனது அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2026-ஐ மேய்ச்சல் நிலங்கள், மேய்ப்பர்களுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது.

குருவிகுளத்துக் குடும்பங்களுக்கு விழா வேண்டாம். இரவு தங்க ஒரு குளத்தங்கரை, பிள்ளை படிக்க ஒரு விடுதி, மந்தை நிற்கும் இடத்துக்கே வரும் ஒரு தடுப்பூசி... இவை கிடைத்தாலே அடுத்த வருஷமும் கிளம்பத் துணிவு வரும்.

அந்தப் பக்கம் போகிறீர்களா?

* மதுரை - திருநெல்வேலி ரயில் பாதையில் கோவில்பட்டியிலும், விருதுநகர் - தென்காசி பாதையில் சங்கரன்கோவிலிலும் இறங்கலாம்.

* சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசு திருவிழாவும் பிரசித்தம். கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் கால வெட்டுவான் கோயிலைத் தவறவிடாதீர்கள்.

* கிடைகளைப் பார்க்க அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. கேட்காமல் கிடைக்குள் நுழைய வேண்டாம். ஆட்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

* சாலையில் மந்தை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம். கடைசி ஆட்டுக்குப் பின்னால், தோளில் ஒரு குட்டியைச் சுமந்தபடி ஒருவர் வருவார். அவரும் சாலையைக் கடந்த பிறகு வண்டியை எடுங்கள்.