துலக்கிய பின்

விளக்கு அணைந்தால் உடனே தெரிந்துவிடும், மங்கினால் தெரிவதில்லை. நாள்தோறும் நூலளவாகக் குறையும் ஒளியைக் கண் எவ்வாறு கணக்கிடும்? பத்தாண்டு ஓடிய கார்களின் முன்விளக்குகளைப் பாருங்கள். புதிதில் பளிங்குபோல் இருந்தவை, புரை விழுந்த கண்களாய் மஞ்சள் பூத்து நிற்கும். இரவில் சாலையோரம் நடந்து செல்பவர் மிக அருகில் வந்த பின்னரே ஓட்டுபவருக்குத் தெரிவார். அந்த மங்கலின் விலை ஓர் உயிராகவும் இருக்கக்கூடும்.

பல்பு பழையதாகிவிட்டது என்று கருதி, கூடுதல் வாட் உள்ள பல்பை மாட்டுவோர் உண்டு. பயன் சிறிதே. மங்கிய மூடியில் பட்டு ஒளி சிதறுகிறது. எதிரே வருபவரின் கண்கள்தாம் கூசுகின்றன. குறை உள்ளிருக்கும் சுடரில் இல்லை. கதிரவனின் ஒளி அறைக்குள் நிறையாததற்குக் காரணம் சாளரத்தின் கறையே என்று, பதினாறாம் நூற்றாண்டில் புனித சிலுவை அருளப்பர் ஆன்மாவைக் குறித்து எழுதினார். இறையருள் என்றும் குறைவதில்லை. அதை மறைக்கும் மாசு நம்முடையது.

அம்பாசடர் காரின் வட்ட விளக்குகள் கண்ணாடியால் ஆனவை. கண்ணாடி உடையும், ஆனால் மஞ்சளாகாது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்த பாலிகார்பனேட் என்னும் நெகிழி, பின்னாளில் கண்ணாடியின் இடத்தைப் பிடித்தது. அது கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை. கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆயினும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதற்கு ஆகா. ஆகவே தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு ஒன்றை இட்டு அனுப்புகின்றனர். வெயிலும் புழுதியும் ஆண்டுக்கணக்கில் அப்பூச்சைத் தின்று தீர்த்தபின், நெகிழி மஞ்சளாகத் தொடங்குகிறது.

அதைத் துலக்கும் முறையை நம் வண்டியிலேயே செய்து அறிந்தோம். முதலில் சோப்பு நீரால் கழுவி, சுற்றியுள்ள வண்ணத்தின்மேல் கீறல் விழாதபடி ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். பின்னர், பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நீரில் நனைத்து, 800ஆம் எண்ணில் தொடங்கி 1500, 2000, 3000 என்று படிப்படியாக நயமான தாளுக்கு மாறித் தேய்க்க வேண்டும். முதல் தாளைத் தேய்த்ததும் விளக்கு முன்னிலும் மோசமாக வெளுத்துத் தோன்றும். பழைய பூச்சின் எச்சங்கள் மஞ்சள் நீராய் வழியும். அங்கே அஞ்சி நிறுத்திவிடலாகாது. ஆன்ம சோதனையின் முதல் நாழிகையும் இத்தகையதே அன்றோ? இறுதியில் மெருகுப் பசையிட்டுத் துடைத்தால் விளக்கு பளிச்சிடும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். பற்பசையால் தேய்த்துப் பளபளப்பாக்கி மகிழ்வோரும் உண்டு. ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த பூச்சை மீண்டும் இட்டு உலர விடாவிட்டால், சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். துலக்கிய விளக்கு காப்பற்ற விளக்கு. வெயிலுக்கு அது முன்னிலும் எளிய இரையாகும்.

லூக்கா நற்செய்தியின் பதினோராம் அதிகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது. கூட்டி அழகுபடுத்தப்பட்ட வீட்டுக்குத் தீய ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளுடன் திரும்பி வருவதை ஆண்டவர் அங்கே எச்சரிக்கிறார். அதே அதிகாரத்தில் சற்றுப் பின்னர், உடலின் விளக்காகிய கண்ணைப் பற்றியும் பேசுகிறார். தூய்மை செய்தல் பாதி வேலையே என்னும் உண்மையை இவ்விரு படிப்பினைகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

நம் உறவில் அண்ணன் தம்பி இருவர் வரப்புத் தகராறு ஒன்றால் ஏழு ஆண்டுகள் பேசாதிருந்தனர். ஒரு தவக்காலத் தியானத்தின் முடிவில் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, கண்ணீருடன் கைகோர்த்தனர். ஊரே மகிழ்ந்தது. ஆனால் அதன்பின் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் பழைய மௌனம் திரும்பியது. அடுத்த ஆண்டு மீண்டும் ஒப்புரவாயினர். இம்முறை அவர்களின் முதிய தாய் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இரு குடும்பங்களும் தம் வீட்டில் ஒன்றாக உண்ண வேண்டும். அந்தச் சோற்றுப் பானைதான் அவ்வுறவின் காப்புப் பூச்சு. தாய் இறந்த பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை, மௌனமும் திரும்பவில்லை.

நம் ஒப்புரவுகள் ஏன் நிலைப்பதில்லை என்று வருந்துவோர், அழுத கண்ணீர் போதவில்லை என்று எண்ண வேண்டியதில்லை. அதற்குப்பின் இட்ட காப்பு என்ன என்று கேட்டால் போதும். படுக்குமுன் ஒரு குடும்பச் செபம், வாரம் ஒருமுறை ஒரு விசாரிப்பு, சொல்லத் துடிக்கும் ஒரு கடுஞ்சொல்லை விழுங்கும் பழக்கம்: காப்பு இவ்வளவு மெல்லியதுதான். அதுவும் ஒருநாள் தேயும். மீண்டும் இட வேண்டும். தாயாம் திருச்சபை ஆண்டுதோறும் நமக்குத் தவக்காலத்தைத் தருவது அதனால்தானோ!