வாழைத் தீவுகளின் மண்

மண்ணில் போட்டதெல்லாம் மக்கி மண்ணாகிவிடும் என்பார் என் தாயார். காரைக்காலில் எங்கள் கொல்லையில் வாழையும் சேப்பங்கிழங்கும் அருகருகே வளர்வதும் அந்த நம்பிக்கையில்தான். சாணத்துக்கும் சருகுக்கும் அச்சொல் முற்றிலும் பொருந்தும். ஆனால் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கதையைப் படித்த நாள்முதல், எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்திப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

1853 முதற்கொண்டு காரைக்கால், புதுச்சேரித் துறைகளிலிருந்து பல்லாயிரம் தமிழர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற தீவுகள் அவை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். பிற்காலத்தில் அங்கு வாழை பெருகியது. வாழையின் கிழங்கைக் குடையும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்னும் நஞ்சை மரத்தடியில் இட்டனர். அதே நஞ்சைச் செய்த அமெரிக்க ஆலையொன்றின் தொழிலாளருக்குக் கைநடுக்கமும் நரம்புக் கோளாறும் கண்டதால் 1975இலேயே அவ்வாலை மூடப்பட்டிருந்தது. பிரான்ஸ் நாடு 1990இல் தடை விதித்தபோதும் தீவுகளின் வாழைக்கு மட்டும் விலக்கு அளித்தது. இதற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் போதவில்லை.

எண்ணெய்ச் சட்டியை வெறுந்தண்ணீரில் கழுவிப் பார்த்த இல்லத்தரசியருக்கு இந்நஞ்சின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. அது நீரில் மிகச் சிறிதே கரையும். மண்ணிலுள்ள மக்கிய பொருளைக் கண்டால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்களாலும் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஒவ்வொரு மழையும் சிறிதளவைக் கரைத்து நிலத்தடி நீருக்கும் ஓடைக்கும் கொண்டு செல்கிறது. அரித்துச் செல்லும் மண்ணோடு ஒட்டியபடியே ஆற்றுக்கும் கடலுக்கும் போவது வேறு. அதனால் கரையோரப் பகுதிகள் சிலவற்றில் மீன்பிடிக்கவும் தடை வந்தது. மழை மட்டுமே கழுவித் தீர வேண்டுமானால் சில நிலங்களுக்கு நூறாண்டும், எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு ஐந்நூறாண்டுக்கு மேலும் ஆகும் என 2009இல் கணித்தனர். அத்தனை காலம் வேண்டாம் என அண்மையில் வாதிடுவோரும் உண்டு.

இதில் ஒரு விந்தை. எரிமலைச் சாம்பல் மண் கடற்பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்தது. நஞ்சை மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. ஆயினும் இறுகப் பிடித்துக்கொள்வதால் பயிருக்கு அது கொடுப்பது குறைவு. நஞ்சு குறைவாக உள்ள வேறு மண்ணில் விளைந்த கிழங்கில் அதைவிட மிகுதியாக ஏறுவதும் உண்டு. மக்கிய எரு சேர்த்தாலும் இப்பிடி இறுகுகிறது.

வாழைப்பழத்துக்கு நஞ்சு ஏறுவதில்லை. ஆகவே ஏற்றுமதியான பழத்தை உண்டவர்க்குக் கேடில்லை. மண்ணைத் தொட்டு வளரும் வள்ளி, சர்க்கரைவள்ளி, நம் சேப்பங்கிழங்கு ஆகியவற்றிலேயே அது ஏறுகிறது. அவை தோட்டக்காரரின் கொல்லையில் விளைந்து அவர் பிள்ளைகளின் தட்டுக்கு வருபவை. 2013-14இல் நடந்த ஆய்வில் இரு தீவுகளிலும் வயதுவந்தோர் பத்துப்பேரில் ஒன்பதின்மருக்கு மேல் இந்நஞ்சு இரத்தத்தில் காணப்பட்டது.

இப்போது அங்கே வீட்டுத் தோட்ட மண்ணை இலவசமாகச் சோதித்துத் தருகிறார்கள். முடிவு பாதகமானால், கிழங்கு நட்ட பாத்தியில் தக்காளியும் அவரையும் நடச் சொல்கிறார்கள். கிழங்கை வெளியில் வாங்கினாலும் நன்றாகக் கழுவி, தோலைத் தடிப்பாகச் சீவியே சமைக்க வேண்டும்.