எதிரே நிற்பது யார்?

திருவனந்தபுரத்துக் களரி ஒன்றின் வாசலில் ஒரு விடியற்காலையில் வந்து நின்றபோது அந்தப் பெண்ணுக்கு 34 வயது. மும்பை மாட்டுங்காவில் வளர்ந்தவர். ஏழு வயதில் பரதநாட்டிய வகுப்பு, பதினைந்தில் அரங்கேற்றம், பிறகு சபா மேடைகள் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை வலது முழங்காலில் தடுக்கி நின்றது. இனி காலைத் தட்டி ஆட வேண்டாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். களரிக்கு அவர் வந்தது சண்டை கற்றுக்கொள்ள அல்ல. எண்ணெய் போட்டுக் காலை நீவிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் வந்தார்.

உழிச்சலுக்கு முறை வரும் வரை மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. மரபான களரி என்பது தரையைத் தோண்டி இறக்கிய குழி. நீளம் 42 அடி, அகலம் 21 அடி. கிழக்கே வாசல். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. வலது காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்குகிறார்கள். சலங்கை பூஜையும் மேடையைத் தொட்டு வணங்குவதும் பழகிப்போன ஒருவருக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை.

ஆனால் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது குருக்களின் குரல். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, குருக்கள் ஒரு மூலையில் நின்றுகொண்டு ‘வலிஞ்ஞு’, ‘அமர்ந்நு’ என்று ராகம் போல இழுத்து ஆணையிடுகிறார். இதற்கு வாய்த்தாரி என்று பெயர். சொல்லுக்கு ஓர் அசைவு. நட்டுவனார் ஜதி சொல்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது தெரிந்த வீடு போல இருந்தது. கையில் தட்டுக்கழி மட்டும்தான் இல்லை.

பிள்ளைகள் செய்துகொண்டிருந்தது மெய்ப்பயற்று. யாருடனும் மோதாமல், ஆயுதம் ஏதும் இல்லாமல், ஒருவர் தனியாகச் செய்யும் தொடர் அசைவு. காலை தலைக்கு மேல் வீசி, அது தரையைத் தொடுவதற்குள் உடம்பு திரும்பி, தாழ்ந்து, ஊர்ந்து, எழுந்து, தாவி மறுபக்கம் போய்விடுகிறது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, சேவல் என்று பிராணிகளின் பெயர் கொண்ட வடிவுகள் வழியில் வந்து போகின்றன. ஒரு வடிவு முடிந்த இடம் எது, அடுத்தது தொடங்கிய இடம் எது என்று சொல்ல முடியாது. இந்த மெய்த்தாரி கட்டம் தேறிய பிறகுதான் கையில் கோல் வரும். அதற்குப் பின்தான் இரும்பு. வெறுங்கைப் போர் கடைசியில். கோல் ஏந்தி ஓர் ஆளின் முன்னால் நிற்பதற்கு முன் பல மாதங்கள், சில இடங்களில் வருடங்கள், இல்லாத ஆளோடு பழக வேண்டும்.

மலையாளத்தில் ‘பதினெட்டு அடவு’ என்றால் பதினெட்டுப் போர் உத்திகள். ‘பதினெட்டு அடவும் பயற்றிப் பார்த்தான்’ என்று அன்றாடப் பேச்சிலேயே சொல்வார்கள். தமிழில் அடவு என்றால் நாட்டியத்தின் அடிப்படை அலகு. ஒரே சொல் மலைக்கு அந்தப் பக்கம் அடியாகவும் இந்தப் பக்கம் ஆட்டமாகவும் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இந்திய நடனம் அனைத்தும் போரிலிருந்து பிறந்தது என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. போதிதர்மர் களரியைச் சீனாவுக்கு எடுத்துச் சென்ற கதையைப் போலவே இதற்கும் ஆதாரம் கேட்கக் கூடாது. ஒரே மண்ணில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன, ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கின என்று சொல்வதே போதும். கதகளி பயிலும் இடத்துக்குக் களரி என்றே பெயர். மழைக்காலத்தில் மாணவனின் உடம்பை ஆசான் காலால் உழிவது இரண்டு இடங்களிலும் உண்டு.

முழங்கால் தேறியதும் அவரும் குழிக்குள் இறங்கினார். அரைமண்டியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவருக்குத் தாழ்ந்த நிலைகள் சிரமமாக இல்லை. முதல் மெய்ப்பயற்றை மூன்றே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். குருக்கள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லா இருக்கு மோளே. ஆனா நாலு இடத்துல செத்துப்போயிட்டே.”

அவர் செய்த பிழை, அவருக்கு இருபத்தேழு வருடங்களாகக் கிடைத்த பாராட்டு. ஒவ்வோர் அசைவையும் முடிவுவரை கொண்டுபோய், அங்கசுத்தத்தோடு ஒரு கணம் நிறுத்திக் காட்டுவது. சபையில் அந்தக் கணத்தில்தான் கைதட்டல் விழும். களரியில் அந்தக் கணத்தில் அடி விழும்.

இரண்டாவது பிழை கண். கை போகும் வழியில் கண்ணும் போக வேண்டும் என்பது நாட்டியத்தின் முதல் பாடம். களரியில் கை எங்கே போனாலும் கண் எதிராளியை விட்டு நகரக் கூடாது. மெய்ப்பயற்றில் எதிராளி என்று யாருமே இல்லையே என்றால், அதனால்தான் அது கடினம். இல்லாத ஒருவரை உடம்பு இருப்பதாக நம்ப வேண்டும். மெய்யே கண்ணாக வேண்டும் என்று மலையாளத்தில் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. களரியின் இருவர் பயிற்சியும் பெரும்பாலும் முன்கூட்டியே கட்டப்பட்டதுதான். எந்த அடிக்கு எந்தத் தடுப்பு என்று வரிசை இருக்கிறது. அந்த அர்த்தத்தில் அதுவும் ஒரு நடனம். ஒரே வித்தியாசம், மறந்தால் மணிக்கட்டு வீங்கும். அவருக்கு வீங்கியது, இரண்டு முறை.

இந்த வழியில் அவருக்கு முன்னால் போனவர் சந்திரலேகா. 1952இல் சென்னையில் நடந்த அவரது அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்கானது. மேடையில் யமுனையின் நீர்வளத்தை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, வெடித்துக் கிடக்கும் நிலமும் தண்ணீருக்கு நிற்கும் வரிசைகளும் நினைவுக்கு வந்து உறைந்துபோனதாக அவர் பின்னாளில் சொன்னார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பல வருடங்கள் மேடையை விட்டே விலகியிருந்தார். 1985இல் ‘அங்கிகா’வோடு வந்தபோது பரதநாட்டியக் கலைஞர்களுடன் களரி வீரர்களும் அதே மேடையில் இருந்தார்கள். தெய்வமும் நாயகியும் இல்லை, நகையும் இல்லை, உடம்பு மட்டும். சபாக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2006இல் அவர் மறைந்த பிறகு, களரியின் உதை ஒன்றிரண்டைத் தூவிய ‘சமகால நடனங்கள்’ நகரத்துக்கு நகரம் பெருகிவிட்டன. அவர் எடுத்தது உதையை அல்ல, முதுகெலும்பை. அந்த வேறுபாடு எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது சந்தேகமே.

ஒடிசாவின் மயூர்பஞ்சில் கதை வேறு. அங்கே சாவ் நடனத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு ‘பரிகண்டா’ என்று பெயர்: கேடயமும் வாளும். ஆனால் அந்த வாள்வீரன் கற்கும் ‘உஃப்லி’ என்ற 36 அசைவுகளில் சாணி கரைப்பது, தரை மெழுகுவது, பாத்திரம் தேய்ப்பது, தலைக்கு வகிடு எடுப்பது எல்லாம் உண்டு. போர்வீரன் அடுக்களைக்கு வந்தானா, அடுக்களை போருக்குப் போனதா என்று ஆராய்ச்சியாளர்கள் தீர்க்கட்டும். காலை ஒற்றைக்காலில் உயர்த்தி, மற்ற காலால் தரை மெழுகும் பாவனையை ஆண்கள் செய்யும்போது பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவதில்லை. 1912இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு கல்கத்தாவில் மயூர்பஞ்ச் ஆட்டக்காரர்கள் போர் நடனம் ஆடிக் காட்டினார்கள். நிஜப் போரை ஜெயித்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மணிப்பூரில் 1891 போரில் தோற்ற பிறகு ஆயுதங்களுக்கே தடை வந்தது. வாளும் ஈட்டியுமான தாங்-தா சடங்குகளிலும் ஆசான்களின் வீடுகளிலும் ஒதுங்கி உயிர் பிழைத்தது. சண்டை போட அனுமதி இல்லாத இடத்தில், தனியாளாக அடியெடுத்து வைக்கும் முறை ஒன்று போதும், ஒரு கலை அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். 1976இல் ரத்தன் தியாம் தொடங்கிய நாடகக் குழு அந்த அடிகளை மேடைக்கு எடுத்து வந்தது.

இப்போது தடை இல்லை. பதிலாக மதிப்பெண் இருக்கிறது. களரிப் போட்டிகளில் மெய்ப்பயற்று ஒரு தனிப் பிரிவு. உயர உதைப்பது இன்னொரு பிரிவு. கால் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு அழகாக விழுந்தது என்று நடுவர்கள் பார்க்கிறார்கள். பிள்ளைகள் மெல்ல மெல்ல, அந்த மும்பைப் பெண் செய்த அதே பிழையைச் செய்யப் பழகுகிறார்கள். நிறுத்திக் காட்டுகிறார்கள்.

அவர் மூன்று வருடங்கள் கழித்து மும்பையில் ஒரு சின்ன அரங்கில் மறுபடி ஆடினார். ஒரு வர்ணம், ஒரு பதம். தட்டுவது குறைந்திருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் பழைய ஆசிரியை உள்ளே வந்து, “உடம்பு நன்னா இருக்குடி. கண்ணுதான் யாரையோ தேடறது. நாயகிக்கு அது ஆகாது” என்றார். அவர் மறுக்கவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்றும் தோன்றியது, சரியில்லை என்றும் தோன்றியது. அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை.

காலையில் மட்டும் பயிற்சி நடக்கிறது. ஃபிளாட்டின் கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளினால் பன்னிரண்டு அடி கிடைக்கும். 42 அடிக்கான மெய்ப்பயற்றை அதற்குள் மடித்து, நான்கு எட்டுக்கு ஒரு முறை திரும்பி ஆட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு நாள், கால் வீசும் நேரத்தில் மாமியார் காபித் தம்ளருடன் பின்னால் குறுக்கே வந்துவிட்டார். கால் அவர் தோளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மருமகளின் முகம் அப்போது ஜன்னல் பக்கம் இருந்தது.

“பாத்துடீ” என்றார் மாமியார், காபி சிந்தாமல்.