தாமாக இறங்கி வந்தவர்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மாதகல் பஸ்ஸில் ஏறினால் ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் கடந்து பண்டத்தரிப்புச் சந்தியில் இறங்கலாம். அதே வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் மாதகல் கடல். சந்தியில் கடைகளும் சைக்கிள்களும் எப்போதும் கலகலப்பாக இருக்கும். உள்ளொழுங்கைகளில் திரும்பினால் சத்தம் அடங்கிப் பனையும் தோட்டமும் கிணற்றடியும் வந்துவிடும். அயலில் நாட்டு வைத்தியத்துக்குப் பெயர்போன சில்லாலைக் கிராமம். சமூகப் பணி காரணமாகக் கடந்த சில வருடங்களாக நான் இந்த ஊருக்கு அடிக்கடி போய் வருகிறேன்.

வெளியூரார் பலருக்கு இது மாதகலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சந்தி மட்டுமே. ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்னர், உலகின் மறுபக்கத்தில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியர் தம் தொழிலை விட்டுவிட்டு வந்து குடியிருந்த ஊர் இது. அவருடைய பெயர் ஜோன் ஸ்கடர்.

ஸ்கடர் 1793 இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, அந்த நகரத்திலேயே தொழில் தொடங்கினார். நோயாளர் பெருகினர், வருமானமும் பெருகியது. ஒருநாள் ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த வேளையில் அங்கே கிடந்த சிறு நூலொன்றை எடுத்து வாசித்தார். கீழைத்தேசங்களுக்கு மிசனரிமார் போகவேண்டும் என்று கேட்கும் நூல் அது. அதை வாசித்த பின் அவரால் பழையபடி இருக்க முடியவில்லை. 1819 ஆம் ஆண்டு யூன் மாதம் பொஸ்ரன் துறைமுகத்தில் 'இன்டஸ்' என்னும் கப்பலில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 25. அந்த ஆண்டின் கடைசியில் யாழ்ப்பாணம் வந்து, 1820 இல் பண்டத்தரிப்பில் குடியேறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற முதல் மருத்துவ மிசனரி என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

அவர் வந்தது சமயம் பரப்புவதற்கு. அதை மறைக்கத் தேவையில்லை. அதைப்பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் அவர் எதை விட்டு எதற்கு வந்தார் என்பதை நாம் பார்க்கலாம். நியூயோர்க்கில் நோயாளர் கொடுத்த கட்டணத்தை விட்டு, மிசன் கொடுத்த சிறு படியில் வாழ வந்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடங்களின் இடிபாடுகளைத் திருத்தித்தான் அந்த நாளில் மிசனரிமார் வலிகாமத்தில் குடியிருந்தார்கள். பண்டத்தரிப்பில் அவர் ஒரு வைத்தியசாலையை நடத்தினார். 1836 இல் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். 1855 இல் தென்னாபிரிக்காவில் காலமானார். வேலூரில் பெரிய மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி.

இந்தக் கதையை 'தியாகம்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவதுதான் வழக்கம். எனக்கோ அதை வாசிக்கும்போதெல்லாம் இன்னொருவரின் நினைவும் வரும். அவர் ஸ்கடரின் மனைவி ஹரியற். கணவர் தொழிலை விட்டபோது அவரும் வீட்டையும் உறவையும் விட்டார். கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களிலேயே அவர்களுடைய சிறுமகள் நோய்கண்டு இறந்துபோனாள். அந்தத் துயரத்தோடுதான் அவர் யாழ்ப்பாணம் வந்தார். பண்டத்தரிப்பில் பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார். அவர்களுடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822 இல் இங்கேதான் பிறந்தார். ஆண்மக்கள் ஏழுபேர் பின்னர் மிசன் பணிக்குப் போனார்கள். 1849 இல் சென்னையில் ஹரியற் கண்மூடினார். ஸ்கடர் எடுத்த முடிவின் செலவில் பெரும்பங்கை ஹரியற் கொடுத்தார் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

ஒருவர் நல்ல சம்பளத்தை விட்டுச் சிறிய சம்பளத்துக்கு வரும்போது அந்தக் குறைவை யார் சுமக்கிறார்கள்? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் ஸ்கடர் அல்லர். அதே பண்டத்தரிப்பில் இன்று மிளகாய் வறுத்து அரைக்கும் ஓர் அக்கா.

அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. 2009 இல் வன்னியில் கணவரை இழந்தவர். முகாமில் இருந்து இரண்டு பிள்ளைகளுடன் 2010 இல் ஊர் திரும்பினார். உயர்தரம் படித்தவர், கணக்கு நன்றாக வரும். 2014 இல், 42 ஆவது வயதில், ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தார். குழுக்களாகப் பெண்களைச் சேர்த்துக் கடன் கொடுப்பதும் கிழமைதோறும் வீடுவீடாகப் போய் அறவிடுவதும் அவருடைய வேலை. மாதச் சம்பளம், இலக்கை எட்டினால் மேலதிகக் கொடுப்பனவு, ஓடித்திரிய மோட்டார் சைக்கிள். ஊருக்குள் அது ஒரு மதிப்பான உத்தியோகம்.

அந்தக் கடன்கள் எங்கள் பெண்களை என்ன செய்தன என்பதை இந்த இதழை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018 இல் அரசாங்கமே அறிவிக்கவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. கடன்பட்ட பெண்ணின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அறவிடப் போன பெண்ணும் பல இடங்களில் எங்களைப்போல ஒருத்திதான் என்பது குறைவாகவே பேசப்பட்டது.

"சம்பளம் காணாமல் நான் விடேல்லை, பிள்ளை," என்றார் அக்கா. "ஒரு வீட்டுப் படலையடியில நிண்டு கூப்பிட்டன். உள்ளுக்கிருந்து ஒரு சின்னப்பிள்ளை ஓடிவந்து, 'அம்மா வீட்டில இல்லையாம்' எண்டு சொல்லிச்சுது. அந்த 'இல்லையாம்' எண்ட சொல்லோடை என்ர நித்திரை போச்சு. நானும் ஒருகாலம் என்ர பிள்ளையளுக்கு அப்பிடிச் சொல்லிக் குடுத்தனான்."

நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, நித்திரையின்மை என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். ஆனாலும் அடுத்த நாளே வேலையை விட்டெறியவில்லை. அப்போது அவருக்கு நான்கு வருடமும் ஐந்து மாதமும் சேவைக்காலம். இன்னும் ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். காரணம் பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனமொன்றில் 5 வருடம் நிறைவு செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரைமாதச் சம்பளம் கிடைக்கவேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு மாதம் முந்தினாலும் அந்த உரித்து இல்லை.

அந்த ஏழு மாதத்தில் அவர் இன்னும் சில அலுவல்கள் பார்த்தார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் நிறுவனத்திடமிருந்து 12 சதவீதமும் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று பார்த்தார். பெண்கள் 50 வயதில் வேலையிலிருந்து நின்று அந்தப் பணத்தை எடுக்கலாம். ஆண்களுக்கு அது 55. நிறுவனம் 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் பணத்தை, வேலையை விட்டதும் விண்ணப்பித்து எடுக்கலாம் என்றும் அறிந்துகொண்டார். மோட்டார் சைக்கிளை விற்று அதன் லீசிங் கடனை முடித்தார். வீட்டில் மாதம் கட்டாயம் வேண்டியது எவ்வளவு என்று மகளை இருத்தி எழுதுவித்தார். மகளின் ரியூசன் காசு, அரிசி, மண்ணெண்ணெய், கோயில் திருவிழாக் காசு வரை அந்தக் கொப்பியில் இருந்தது.

2019 இல், 47 ஆவது வயதில் விலகினார். பக்கத்து ஒழுங்கையில் உள்ள ஆலையொன்றில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். மிளகாய், மல்லி, கோப்பி வறுத்து அரைப்பதும் பொதி செய்வதும் வேலை. வருமானம் பழைய சம்பளத்தின் அரைவாசிக்கும் கீழே. காலை எட்டுக்குப் போனால் பின்னேரம் நான்கரைக்கு வீடு. தும்மலும் கண்ணெரிவும் உண்டு. "ஆனா ஆலையைப் பூட்டினால் வேலையும் அதோடை பூட்டுப்படும். வீட்டுக்குக் கூடவராது," என்கிறார்.

ஊர் சும்மா விடவில்லை. "படிச்ச மனுசி மில்லிலயோ?" என்று கேட்டது. காசு கையாடிவிட்டாராம் என்றும் கதை கட்டியது. சொந்தத் தமையனே ஆறு மாதம் பேசவில்லை. இந்தக் கதைகள் ஏன் எழுகின்றன என்று நான் யோசித்திருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மறுவருடம் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை, பலருக்கு உத்தியோகமும் இல்லை. ஆசிரியையாக இருந்தவர் அப்பம் சுட்டார், கந்தோரில் இருந்தவர் கூலிக்கு வெங்காயம் நட்டார். பின்னர் 2009 வந்தது. எங்கள் மண்ணில் ஒரு பெண் சிறிய வேலைக்கு வந்தால் அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பொருள். அவளாக விரும்பி இறங்கி வரலாம் என்பதை நம்புவதற்கு எங்களுக்குப் பழக்கமில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. யுத்தம் பறித்ததால் கீழே வருவது வேறு, மனம் ஒப்பாததால் கணக்குப் பார்த்து இறங்குவது வேறு. முன்னதில் எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. பின்னது தெரிவு. யுத்தத்தின் பின் எங்கள் பெண்களுக்குத் திரும்பக் கிடைக்கவேண்டிய பலவற்றில் இந்தத் தெரிவும் ஒன்று.

2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, "விட்ட வேலையைப் பிடிச்சிருக்கலாமே" என்று அயலவர்கள் சொன்னார்கள். அதே வருடம் அக்காவுக்கு 50 வயது நிறைந்து சேமலாப நிதி கைக்கு வந்தது. கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினார். மிச்சத்தை வங்கியில் போட்டார். அவர் கஷ்டப்படவில்லை என்று நான் எழுதமாட்டேன். அந்த வருடம் மாதக்கணக்கில் ஒருநேரம் கஞ்சிதான். மகன் கேட்ட படிப்பு ஒன்றை இரண்டு வருடம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அந்தப் பாரத்தில் ஒருபங்கைப் பிள்ளைகள் சுமந்தார்கள். ஆனால் கொப்பியில் கணக்கு எழுதிய நாளில் அவர்களும் கூட இருந்தார்கள். ஹரியற்றிடம் யாராவது அப்படிக் கேட்டார்களா என்பது எனக்குள் எழும் கேள்வி.

இதை வாசிக்கும் எல்லோரும் வேலையை விடவேண்டும் என்பது என் கருத்தல்ல. மாதச் சம்பளம் நின்றால் மறுநாள் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர் அந்த வேலையில் நிற்பது கோழைத்தனம் ஆகாது. அதுவும் ஒரு கணக்குத்தான். ஆனால் ஒரு வேலை உங்கள் நித்திரையையும் மனச்சாட்சியையும் தின்கிறதென்றால், விடுவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை வருடச் சேவை, எந்த நிதியில் எவ்வளவு, எப்போது எடுக்கலாம், எந்தக் கடன் மிச்சம் என்று எழுதுங்கள். உரித்துகள் பற்றித் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். சிறுதொழிலுக்கோ கூலிக்கோ போன பின்னும் முதுமைக்கு வழி உண்டு. 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழில் செய்வோருக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. பண்டத்தரிப்பு மக்கள் அதைச் சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். கணக்கை வீட்டாரோடு இருந்து பாருங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

அக்கா முன்பு அறவிடப் போன வீடுகளில் சிலர் இப்போது ஆலைக்கு மிளகாய் கொண்டுவருகிறார்கள். முதலில் முகம் பார்க்காமல் நின்றவர்கள், இப்போது அரைத்து முடியும்வரை வாங்கில் இருந்து கதைக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் தூளை வாங்கிக்கொண்டு, "காசு அடுத்த கிழமை தாறன் அக்கா" என்றார். "கிழமைக் கணக்குச் சொல்லாதை, இருக்கேக்கை தா," என்று அக்கா சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார்.