சான்மாலோவில் அக்கா

அக்கா பாரிஸ் ஹொட்டேல்களில் அறை துப்புரவாக்கியே ஓய்வூதியம் வரை வந்தவள். மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் விரிப்பைச் செருக வேண்டும். ஒரு கட்டிலுக்கு நான்கு மூலை. பிறகு குளியலறை, கண்ணாடி, தரை. வலது தோள் போய்விட்டது. தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்யக்கூட முடியாது.

அவள் வேலையை விட்டதும், பிரான்ஸின் பிரித்தானிக் கரையில் சான்மாலோவில் ஒரு பெரிய கடலோர ஹொட்டேலில் தலாசோ சிகிச்சையோடு அறை போட்டேன். தலாசோ என்றால் சூடாக்கிய கடல்நீர், கடற்பாசி, கடற்சேறு ஆகியவற்றால் உடம்பைத் தேற்றுவது. அக்கா கோபித்துக்கொண்டாள். "உது காசுக்காரர் போற இடம் பிள்ளை. நாங்கள் அங்கை போய் என்ன செய்யிறது?"

இந்தப் பேச்சைப் பாரிஸில் தமிழர் கூடும் லாச்சப்பல் கடைத்தெருவில் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! குசினியில் கோப்பை கழுவி முதுகு வளைந்தவர்கள், விடியமுன் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர்கள், எல்லோரிடமும் இதே பதில்தான். வீடு வாங்குவோம், கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்போம், ஊர்க்கோயிலுக்குக் காசு அனுப்புவோம். உழைத்த உடம்புக்குச் செலவழிப்பதென்றால் மட்டும் கை வராது. எனக்கு இது பெரிய மனக்குறை.

காசுக்காரர் இடம் என்கிறார்கள்; ஆனால் தலாசோவின் கதையே வேறு. 1899இல் பிரித்தானியின் ரொஸ்கோஃப் ஊரில் லூயி பாகோ என்ற மருத்துவர் கடல்நீர்ச் சிகிச்சை நிலையம் தொடங்கியது மூட்டுநோய்க்காரருக்காக. அதை நாடெங்கும் அறியச் செய்தவர் லூயிசோன் போபே. ரொட்டிக்கடைக்காரர் மகன், 1953, 54, 55 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தூர் து பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தை வென்றவர். பிறகு கார் விபத்தில் கால் நொறுங்க, ரொஸ்கோஃப் கடல்நீரில் தேறினார். 1964இல் கீபெரோனில் தானே ஒரு நிலையத்தைத் திறந்தார். கடல்நீர்ச் சிகிச்சைக்கு அரசு மருத்துவக் காப்புறுதியும் பணம் கொடுத்து வந்தது. 1998இல் அதை நிறுத்தினார்கள். வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்கு மருத்துவர் எழுதித் தந்தால் இன்றும் ஒரு பங்கு கிடைக்கிறது. கடலுக்கு இல்லை. அன்றிலிருந்து வசதியுள்ளவர்களே தலாசோவுக்குப் போவார்கள் என்ற நிலை உறுதிப்பட்டது. அந்த முடிவு பிழை என்றே நினைக்கிறேன்.

முதல் நாள் மருத்துவர் கேட்டார்: "எங்கே நோகிறது?" அக்கா ஒன்றுமில்லை என்று சிரித்தாள். அவர் அவள் கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். தோள்மட்டத்துக்கு வருமுன்னே அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் எழுதினார்.

கடல்நீரில் உள்ள தாதுக்கள் தோலூடாக உடம்பில் ஊறும் என்று அறையில் வைத்திருந்த ஏட்டில் போட்டிருந்தது. அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் 34 பாகை வரை சூடாக்கிய உப்புநீரில் கழுத்தளவுக்கு இறங்கினால் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் ஏந்திக்கொள்கிறது; தசை இளகுகிறது. தொட்டிச் சுவரிலிருந்து பீச்சும் நீருக்குத் தோளைக் கொடுத்தபடி அக்கா நெடுநேரம் நின்றாள். பிறகு தண்ணீருக்குள்ளே கையை மெல்ல மெல்ல உயர்த்தினாள். விரல்நுனிகள் நீர்மட்டத்துக்கு வெளியே வந்தன. "நோ எடுபட்டிட்டுது போலை கிடக்கு" என்றாள்.

மறுநாள் காலை நடைவழியில் துப்புரவு வண்டியோடு வந்த பெண்ணை அக்கா மறித்தாள். இன்றைக்கு எத்தனை அறை, மேலதிக நேரத்துக்குப் பணம் தருகிறார்களா, மெத்தை பாரமா என்று கேள்விமேல் கேள்வி. இருவரும் சுவரில் சாய்ந்து நின்று கதைத்தார்கள். பாரிஸின் பத்தினோல் பகுதியில் அறைப் பணியாளர் பெண்கள் 2019 யூலை தொடக்கம் 2021 மே வரை போராடியதைப் பற்றியும் பேச்சு வந்தது. துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்த ஆபிரிக்கப் பெண்கள் 22 மாதம் விடாமல் நின்று, ஊதிய உயர்வும் வேலைப்பளுக் குறைப்பும் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ரஷேல் கேக்கே 2022இல் நாடாளுமன்றத்துக்கே தெரிவானார். அந்தச் செய்தி வந்த இரவு அக்கா எனக்கு ஃபோன் எடுத்து அழுதது நினைவிருக்கிறது.

ஹொட்டேலுக்கு வெளியே சில்லோன் கடற்கரையில் அலையைத் தடுக்க நட்ட ஓக் மரக் குற்றிகள் வரிசை வரிசையாய்க் கறுத்து நிற்கின்றன. இங்கே பெரும் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேலும் மாறும். கோட்டை மதிலின் கீழே, 1937இல் கட்டிய போன்-செக்கூர் கடல்நீர்க் குளம் இருக்கிறது. கடல் பெருகினால் குளம் மூழ்கி, குதிக்கும் மேடை மட்டும் தெரியும். வற்றினால் புதுநீரோடு குளம் நிற்கும். கட்டணம் கிடையாது. அதற்கு முந்திய ஆண்டு, 1936இல்தான், பிரான்ஸின் தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமானது. பலர் முதல் தடவையாகக் கடலைக் கண்டது அந்தக் கோடையில்.

குளத்தைக் கண்டதும் அக்கா "கீரிமலைக் கேணி" என்றாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப்பக்கம், கடலை ஒட்டிய கட்டுக்கேணி. ஆனால் அங்கே ஊறுவது நன்னீர். ஆடி அமாவாசைக்கு அம்மா எங்களைக் கூட்டிப்போவாள். 1990இல் போரால் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட பிறகு நாங்கள் அதில் இறங்கியதில்லை. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினாள். தண்ணீர் குளிர். முழங்கால் வரை போய் நின்றுகொண்டு, பழைய வேலைத்தலத்துத் தோழியான மாலி நாட்டுப் பெண்ணை ஃபோனில் அழைத்தாள்.

"கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொன்பர்னாஸில் காலை ரயில் எடுத்தால் இரவு வீட்டுக்குப் போய்விடலாம். வற்று நேரம் பார்த்து நான் சொல்கிறேன். நீச்சல் உடுப்பு வாங்கி வை, மற்றப் பெண்களுக்கும் சொல்லு."