கோரையும் புல்லும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியின் பள்ளங்களிலும், திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் மழைக்குப்பின் பசுமை பொங்கி எழும். அதனைக் காண்போர் அனைத்தையும் புல் என்றே கூறிவிடுவர். அவற்றுள் கோரையும் உண்டு. தண்டு ஒன்றைப் பறித்து விரல்களிடையே உருட்டினால் வேறுபாடு விளங்கும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுடன் அமையும். கோரைத் தண்டோ மூன்று விளிம்புகளால் விரலை உறுத்தும். இலைகளும் மூன்று வரிசையாக நிற்கும். உருண்ட தண்டுடைய கோரைகளும் சில உள. ஆதலின் விரலை மட்டும் நம்பலாகாது. பூவையும் நோக்குதல் வேண்டும்.

ஈரமும் நிழலும் உள்ள தோப்புகளில் சிறு கோரை ஒன்று வளரும். தண்டின் நுனியில் வெண்மணி போன்ற பூந்தலை. அதன் கீழ் இலைபோன்ற நீண்ட செதில்கள் மூன்று அல்லது நான்கு. தாவர நூலார் இதனைக் 'கில்லிங்கா நெமோராலிஸ்' என்பர். பின்னைய சொல்லுக்குச் சோலைக்குரியது என்பது பொருள். செடிக்கு இடத்தால் பெயர் வந்தது இங்ஙனம். தமிழகத்தில் இடத்திற்குச் செடியால் பெயர் வந்ததும் உண்டு. கோரையின் பழம்பெயர் சாய். பூம்புகாரை அடுத்த சாய்க்காடு அப்பெயர் பெற்ற ஊரே.

நீர்க்கோரை அடர்ந்த பள்ளம் மழைநீர் தங்கும் இடமாகும். வெறும் புல்தரை எனக் கருதி அதனைத் தூர்த்துவிட்டால், அந்நீர் அடுத்துள்ள தெருவிலும் வீட்டிலும் புகும்.